நாலாவது டிவிஷன்

சங்கம் தொடங்கிய ஆண்டு என்று கேட்கிறது படிவம்.
ரப்பர் ஸ்டாம்பில் நாற்பத்தாறு,
பேனரில் நாற்பத்தெட்டு.
இரண்டும் சரிதான்.
முதல் இரண்டு வருஷம் டீம் இருந்தது,
பந்து இல்லை.
மில் சங்கு ஊதியதும் பதினோரு பேர்
கொருக்குப்பேட்டை கேட்டுக்குப் பின்னால் கூடி
ஓடியிருக்கிறார்கள், உதைத்திருக்கிறார்கள்,
எதை என்று மினிட்ஸ் புத்தகம் சொல்லவில்லை.
ஆஃப்சைடு பற்றி ஒரு சண்டை மட்டும்
பதிவாகியிருக்கிறது.

நான் மரகதவல்லி, செயலாளர்.
பந்தைத் தொட்டதில்லை.
பாரிமுனையில் கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் பில் போடுகிறேன்.
தம்பி லெஃப்ட் பேக்.
கணக்கெழுத ஆளில்லை என்று
டிரங்குப் பெட்டியும் சாவியும் என்னிடம் வந்து
ஒன்பது வருஷம்.

சீருடை நிறம்: காக்கி.
யாரும் தேர்ந்தெடுத்ததல்ல,
மில்லில் கழித்துப்போட்ட கட்பீஸ் அந்த நிறத்தில் கிடைத்தது.
"ஏட்டய்யா வராரு, ஓடு!" என்று
எதிர் டீம்காரர்கள் கத்துவார்களாம்.
எழுபதில் பச்சைக்கு மாறத் தீர்மானம் வந்தது.
ஆதரவு மூன்று, எதிர்ப்பு பதினாலு.

மைதானம்:
அன்று, சரக்கு ரயில் பாதையை ஒட்டி.
சுண்ணாம்புக்குக் காசில்லாமல்
சாம்பலில் கோடு போட்டார்கள்.
ஐம்பத்து மூன்றில் துளசிங்கம் அடித்த ஃப்ரீ கிக்
கோலுக்கு மேலே போய்
நகர்ந்துகொண்டிருந்த காலி வேகனில் விழுந்து
கூடூர் வரை பயணம் செய்தது.
நாலாம் நாள் பார்சலில் திரும்பியது,
காற்று இறங்காமல்.
ரசீது இருக்கிறது, ஆறணா.
இன்று அங்கே கன்டெய்னர் யார்டு.
"தற்போதைய மைதானம்" கட்டத்தில் என்ன எழுத?
ஞாயிற்றுக்கிழமை யார் விடுகிறார்களோ அது.

உறுப்பினர்கள்:
மில் மூடிய வருஷம் நாற்பத்தொன்று பதினாறானது.
சந்தா பாக்கியை யாரும் கேட்கவில்லை,
கேட்கக்கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை.

சாதனைகள். மூன்று கோடு விட்டிருக்கிறார்கள்.
ஒன்றே போதும்:
அறுபத்து மூன்றில் மூன்றாவது டிவிஷனுக்கு ஏறினோம்,
அறுபத்து நாலில் இறங்கினோம்.
ஏறியதும்கூட, எதிர் டீமின் லாரி
மூலக்கொத்தளத்தில் அச்சு முறிந்து நின்றதால்.
கஸ்பாருக்குக் கட்டம் இல்லை.
மெஷினில் வலது கை விரல் இரண்டு போன பிறகும்
பதினேழு சீசன் கோல் காத்தவர்.
மூன்று விரலுக்கு அளவெடுத்து
அவர் மனைவி ஸ்டெல்லா தைத்த உறை
பெட்டியின் அடியில் கிடக்கிறது.
ஒருநாள் மாட்டிப் பார்த்தேன்.
போக இடமில்லாமல் என் இரண்டு விரல்
உள்ளே மடங்கிக்கொண்டன.

பதினைந்தாம் வருஷ வெள்ளத்தில் பெட்டி மிதந்தது.
எழுபத்தொன்பது முதல் எண்பத்தாறு வரை
தாளோடு தாள் ஒட்டிப் பலகையாகிவிட்டது.
பிளேடு வைத்தால் எழுத்தும் சேர்ந்து உரிகிறது.
நேற்று தலைவர் நாகபூஷணம் சொன்னார்:
"யாரும்மா பிரிச்சுப் பாக்கப் போறான்?
எண்பத்திரண்டுல கப்பு அடிச்சோம்னு எழுது.
நான் ஆடினவன், எனக்குத் தெரியாதா?"
பேனாவைத் திறந்துகூட விட்டேன்,
அவர் முகம் அப்படி இருந்தது.
ஃபைனலில் கோல் யாருது சார், என்றேன்.
மேலே ஃபேனைப் பார்த்தார். கீழே செருப்பைப் பார்த்தார்.
"ஃபைனல் இல்லம்மா, செமி.
ரெண்டுக்கு ஒண்ணுல தோத்தோம்.
அந்த ஒண்ணு என்னுது."

எழுதிவிட்டேன்.
அரையிறுதி, தோல்வி, கோல்: நாகபூஷணம்.
ஏற்பார்களோ, சிவப்பு மையில் சுழிப்பார்களோ.

பதிவுக் கட்டணத்துக்கு முந்நூறு குறைகிறது.
ஞாயிறு ஆறரைக்கு எண்ணூர்க்காரர்களோடு மேட்ச்.
தம்பி நைட் ஷிப்ட் முடித்து
நேரே மைதானத்துக்கு வருகிறானாம்.
அவன் காக்கி இன்னும் காயவில்லை.
நாற்காலி முதுகில் மாட்டி
ஃபேனை ஐந்தில் வைத்திருக்கிறேன்,
கை இரண்டும் தூக்கித் தூக்கி
த்ரோ-இன் கேட்கிறது.